ஜவ்வாது மலை வீடுகளின் கைவேலையும் கோடைக் கூழும்

ஜவ்வாது மலை, தமிழ்நாட்டின் வடபகுதியில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த மலைத்தொடர். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் இது பரவியுள்ளது. மலைமேல் உள்ள முக்கிய ஊர் ஜமுனாமரத்தூர். இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளம் நினைவுக்கு வரலாம். ஆனால் 'மலையை ஆள்பவர்', 'மலையில் வாழ்பவர்' என்பதே இதன் பொருள். இவர்களின் தாய்மொழி தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் மரபுக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற ஏழு தொகுதி நூலிலும் மலையாளிகளின் காஞ்சிக் கதை பதிவாகியுள்ளது.

இம்மலையைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அருவிகளையும், சந்தன மரங்களையும், காவலூர் வான்நோக்ககத்தையும் பேசுகின்றன. இக்கட்டுரை பேசுவது வீட்டுக்குள் இருக்கும் பொருள்களின் வரலாற்றை: முறம், தொம்பை, உரல், உலக்கை, கூழ்ப்பானை. சாமையை விளைவித்த வீடுகளே ஒரு கட்டத்தில் சாமையைச் சமைப்பதை ஏன் குறைத்துக்கொண்டன என்ற கேள்விக்கு விடை இந்தப் பொருள்களில்தான் இருக்கிறது.

பழைய சான்றுகள்

மலையின் மேற்குப் புறத்தில், திருப்பத்தூர் அருகே பையம்பள்ளி என்ற ஊர் உள்ளது. இந்தியத் தொல்லியல் துறை 1964-65இலும் 1967-68இலும் அங்கு அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்கள் பயன்படுத்திய வழவழப்பான கற்கோடரிகள், கையால் வனைந்த மண்கலங்கள், அரைகற்கள் ஆகியவற்றுடன் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இன்றைக்கு ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் பயறு விளைவித்து, கல்லில் அரைத்து உண்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இது சான்று.

இலக்கியச் சான்று இன்னும் நெருக்கமானது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மா என்ற ஊரிலிருந்து ஆண்ட நன்னனைப் பாடுவது. செங்கண்மா இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் அடிவார ஊர். அந்நூலில் வரும் சேயாறு, இம்மலையில் தோன்றும் செய்யாறே. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் யார் என்ன உணவு தருவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். அவற்றுள் ஒன்று மூங்கில் அரிசி, மேட்டு நில நெல்லரிசி, அவரை விதை ஆகியவற்றைப் புளியோடு சேர்த்துக் காய்ச்சிய கூழ். இன்னொன்று தினையை இடித்துச் செய்த மென்மையான மாவு. நடந்து களைத்தவர்களுக்குக் கொடுத்த உணவு இது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரே பானையில் தானியமும் பயறும் புளிப்பும் நீரும் சேர்ந்திருக்கின்றன. இன்றும் மலையில் கோடைக் கூழின் அமைப்பு ஏறக்குறைய இதுதான்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், முல்லை நிலத்துச் சிற்றூர் வீடு ஒன்றின் முற்றம் காட்டப்படுகிறது. அங்கே தானியக் குதிர்கள் பெண் யானைக் கூட்டம் போல நிற்கின்றன. பந்தலின்கீழ் யானையின் கால் போன்ற திரிமரம், அதாவது தானியம் உடைக்கும் மரத் திருகை, நிற்கிறது. கூரை வரகு வைக்கோலால் வேயப்பட்டது. சோறு வரகுச் சோறு, அதனோடு அவரைப் பருப்பு. அரண்மனையைப் பாட வந்த புலவர் ஒரு திருகைக்கு உவமை தேடியிருக்கிறார். அந்த ஒரு அடிக்காகவே அந்நூலை நான் வகுப்பில் கூடுதல் நேரம் எடுத்து நடத்தியதுண்டு.

வீட்டில் செய்த பொருள்கள்

மலை வீட்டின் பழைய பொருள்களில் கடையில் வாங்கியவை மிகக் குறைவு. சுவர் மண், கூரை புல், தரை சாணம் மெழுகியது. தானியம் சேமிக்க மூங்கிலைப் பிளந்து, ஆளுயரக் கூடையாகப் பின்னி, உள்ளும் புறமும் மண்ணும் சாணமும் கலந்து பூசினார்கள். இதைத் தொம்பை என்பார்கள். பூச்சு இறுகிய தொம்பைக்குள் எலி எளிதில் நுழையாது, ஈரமும் ஏறாது. தொம்பையில் விரிசல் கண்டால் புதிது செய்வதில்லை. கோடையில் தானியம் குறைந்திருக்கும்போது வெயிலில் காயவைத்து, விரிசலில் மண் அப்பி, மீண்டும் சாணம் மெழுகிவிடுவார்கள்.

முறத்துக்கும் இதே கதைதான். மூங்கில் முறத்தைப் புதிதாக வாங்கிய அல்லது பின்னிய உடன் பயன்படுத்த முடியாது. சாமை கடுகளவே இருப்பதால் பின்னல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும், ஒழுகியும் போகும். எனவே சாணம் அல்லது அரைத்த வெந்தயம் பூசி இடுக்கை அடைப்பார்கள். சமவெளி வீடுகளில் வெந்தயத்தோடு பழைய காகிதத்தையும் சேர்ப்பது வழக்கம். காகிதத்தைக் கிழித்து மூன்று நான்கு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு உரலில் இடித்தால் பிசின் போன்ற கூழ் கிடைக்கும். கவிழ்த்த பானையின்மேல் ஈரத் துணியைப் போட்டு, அதன்மேல் இந்தக் கூழை விரல் கனத்துக்கு அப்பி வெயிலில் காயவைத்தால் கூடையாகிவிடும். தண்ணீர் மட்டும் படக்கூடாது. மற்றபடி பல ஆண்டுகள் உழைக்கும். பள்ளியில் கைத்தொழில் வகுப்புக்கு நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். தேர்வு முடிந்த பிறகு பிள்ளைகளின் குறிப்பேடுகளே மூலப்பொருள். மலையிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் வெந்தயத்துக்குப் பதில் புளியங்கொட்டையைக் கொண்டுவந்தார்கள். வறுத்துத் தோல் நீக்கி, பொடித்துக் காய்ச்சிய புளியங்கொட்டைப் பசை வெந்தயத்தைவிட நன்றாகவே பிடித்தது. வெந்தயம் காசு கொடுத்து வாங்குவது. புளியங்கொட்டை வீட்டு வாசலில் கிடப்பது. காகிதக்கூழ் பொம்மை செய்யும் கைவினைஞர்களும் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்துவதுண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

துணி விஷயத்தில் மலைக்கும் சமவெளிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உடுத்திய புடவை தூளியாகும், தூளி கிழிந்தால் குழந்தைக்கு விரிப்பாகும், விரிப்பு நைந்தால் அடுப்படியில் பிடிதுணியாகும். கடைசியில் சாணத்தோடு தரை மெழுகப் போகும்.

மூங்கில் மட்டும் தனிக் கதை. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்து, காடுகள் காப்புக் காடுகளாக எல்லை வகுக்கப்பட்ட பிறகு, கூடை பின்ன ஒரு மூங்கில் வெட்டுவதும் அனுமதிக்கு உட்பட்டது. வீட்டுக் கைவேலை தளர்ந்ததற்கு பிளாஸ்டிக்கைக் காரணம் சொல்வது வழக்கம். அது பாதிக் காரணம். மூலப்பொருள் கைக்கு எட்டாமல் போனதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலை மரம் என்று கொள்ளாமல் தேன், மெழுகு ஆகியவற்றோடு சிறு வனப் பொருளாக எண்ணி, அதைச் சேகரிக்கும் உரிமையைக் காட்டில் வாழ்பவர்களுக்கு ஏற்கிறது. அதற்குள் ஒரு தலைமுறைக்குப் பின்னல் மறந்து போயிருந்தது.

கோடை மாதங்களின் சமையல்

சாமை மலையில் மானாவாரியாக விளைவது. மழையோடு விதைத்து, பனிக்காலத்தையொட்டி அறுவடை செய்கிறார்கள். ஆகவே பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் தொம்பை பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். அதிலும் விதைக்கான தானியத்தைத் தொடக்கூடாது. கோடைச் சமையல் எளிமையாக இருப்பதற்கு வெயில் ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம். ஒரு படி சாமையைச் சோறாக ஆக்கினால் எத்தனை பேர் உண்பார்களோ, கூழாக்கினால் அதைவிடக் கூடுதலானவர்கள் பசியாறலாம்.

சாமைக் கூழ் செய்யும் முறை எளிது. சாமை நொய் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து அல்லது ஆறு பங்கு. மண்பானையில் தண்ணீர் கொதித்ததும் நொய்யைக் களைந்து போட்டு, அடிபிடிக்காமல் துழாவிக் குழைய வேகவைக்க வேண்டும். ஆறிய பிறகு மேலே ஒரு கை உயரம் தண்ணீர் ஊற்றி மூடி, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் இலேசாகப் புளித்திருக்கும். உப்பும் மோரும் சேர்த்துக் கையால் கரைத்து, சின்ன வெங்காயம் கிள்ளிப் போட்டால் கூழ் தயார். கேழ்வரகு இருக்கும் வீட்டில், முதல் நாள் மாலையில் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் வேகும் சாமை நொய்யில் ஊற்றிக் கிளறுவார்கள். வெயில் கடுமையாக உள்ள நாளில் இரவு வைத்த கூழைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மாலை வரை வைத்தால் புளிப்பு மீறிக் கெட்டுவிடும்.

தொட்டுக்கொள்ளப் புளியந்தளிர்த் துவையல். கோடையில் புளியமரம் துளிர்க்கும்போது இளந்தளிரைப் பறித்து, காய்ந்த மிளகாய், உப்பு, பூண்டு வைத்து அம்மியில் அரைப்பது. புளி சேர்க்கத் தேவையில்லை, தளிரிலேயே புளிப்பு உண்டு. பலாப் பருவத்தில் பலாக்கொட்டையைச் சுட்டோ வேகவைத்துக் குழம்பிலோ சேர்ப்பார்கள். காய்ந்த மொச்சையை ஊறவைத்துக் குழம்பு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. தானியம் மிகக் குறைந்த ஆண்டுகளில் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டி வேகவைத்து உண்டார்கள். கிழங்கை எங்கே தோண்டுவது, எதை எத்தனை முறை நீர் மாற்றி வேகவைப்பது என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூழ் என்பது ஒரு நாளைக்கு ஒரே முறை அடுப்பு மூட்டும் சமையல். மாலையில் காய்ச்சியது மறுநாள் வேலைக்குப் போகும் வரை வரும். விறகும் மிச்சம், பகல் வெயிலில் அடுப்பருகே நிற்கும் வேதனையும் மிச்சம்.

உலக்கை

இவ்வளவு எளிய சமையலுக்கு முன்னால் நடக்கும் வேலை எளிதானதல்ல. நெல்லைப் போலவே சாமைக்கும் உமி உண்டு. ஆனால் மணி மிகச் சிறியது, உமி இறுக ஒட்டியிருப்பது. கேழ்வரகையும் கம்பையும் போல அப்படியே திருகையில் இட்டு மாவாக்க முடியாது. முதலில் வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு உரலில் இட்டுக் குத்த வேண்டும். முறத்தில் இட்டுப் புடைத்தால் உமி பறக்கும், ஆனால் உமி போகாத மணிகள் நிறைய மிஞ்சும். மீண்டும் குத்த வேண்டும், மீண்டும் புடைக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று ஆன பிறகுதான் அரிசி கிடைக்கும்.

முற வேலைக்குத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள் உள்ளன என்று பாருங்கள். உமியைப் பறக்கவிடுவது புடைத்தல். கல்லையும் மணலையும் ஒதுக்குவது கொழித்தல். தூசியையும் தவிட்டையும் மெல்லத் தட்டி நீக்குவது தெள்ளுதல். உமி போகாத மணியைச் சுழற்றிப் பிரிப்பது நாவுதல். ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டின் அசைவு வேறு. இன்று நகரத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் நான்குக்கும் ஒரே பொருள் சொல்வார்கள். ஊருக்கு ஊர் இச்சொற்களின் பொருள் சற்று மாறுவதும் உண்டு.

இந்த வேலை முழுவதும் பெண்களுடையது. விடியுமுன் எழுந்து அன்றன்றைக்கு வேண்டியதைக் குத்தினார்கள். குத்தி வைத்த சாமை அரிசி அதிக நாள் தாங்காது, சிக்கு வாடை வந்துவிடும். கருவுற்ற பெண்ணும் குத்தினாள், பிள்ளை பெற்றுச் சில வாரங்கள் ஆனவளும் குத்தினாள். அடிவார ஊர்களில் நெல் அரவை ஆலைகள் வந்த பிறகும் மலைப் பெண்களுக்கு அதனால் பயனில்லை. நெல்லுக்கான ஆலையில் சாமையைப் போட்டால் பாதி நொறுங்கித் தவிட்டோடு போய்விடும்.

இதே மலையில் காவலூரில் 1968 முதல் விண்மீன்களை ஆராயும் தொலைநோக்கி இயங்குகிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டறிந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியும் அங்கு நிறுவப்பட்டது. சாமை உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் பரவலானது இந்த நூற்றாண்டு பிறந்த பிறகே. அறிவியலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. யாருடைய வேலையை எளிதாக்குவது அவசரம் என்று நாடு நினைத்தது என்பதை அறிய இந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகள் 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர். ஆலையில் தீட்டிய அரிசியைவிடக் கைக்குத்தல் அரிசியே உடலுக்கும் ஊருக்கும் நல்லது என்று விடாமல் வாதிட்டார். சத்துக் கணக்கில் அவர் சொன்னது சரி. கிராமத்தில் வேலை மிஞ்ச வேண்டும் என்ற கவலையும் சரியே. கூலிக்குக் குத்தும் பெண்ணுக்கு அது வருமானம். ஆனால் தன் வீட்டுச் சோற்றுக்காகத் தினமும் கூலியின்றிக் குத்தும் பெண்ணுக்கு அந்த வாதம் என்ன தரும்? சங்கம் கருவிகளை எளிதாக்கவும் முயன்றது. நான் பார்த்த மலை வீடுகளில் இருந்தவை என்னவோ பழைய உரலும் உலக்கையுமே.

அரிசி வந்தபோது

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலை 2006இல் கிலோ 2 ரூபாயாகவும், 2008 செப்டம்பரில் 1 ரூபாயாகவும் குறைந்தது. 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. அதே ஆண்டு செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. அம்மியும் ஆட்டுக்கல்லும் மெல்ல வாசலுக்கு நகர்ந்தன.

ரேஷன் அரிசி பாரம்பரிய உணவை அழித்துவிட்டது என்று எழுதுவது இன்று எளிதாகிவிட்டது. நான் அப்படி எழுத மாட்டேன். மலையில் ஒரு மாணவனின் பாட்டியிடம், சாமைச் சோறு பிடிக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். பிடிக்கும் என்றார். பிறகு வலது தோளைத் தொட்டுக் காட்டினார். களைந்து உலையில் போட்டால் சோறாகும் அரிசி வீட்டுக்கு வந்தபோது, நாற்பது ஆண்டு குத்திய கை ஓய்ந்தது. சாமையை அடுப்பிலிருந்து விலக்கியது நாக்கு என்று சொல்பவர்கள் அந்தத் தோளைப் பார்த்ததில்லை. கொல்லிமலையிலும் சாமை நிலம் சுருங்கியது. அங்கே ஆலைகளுக்கு விற்கும் மரவள்ளி அதன் இடத்தைப் பிடித்தது. காரணங்களில் பணப்பயிரும் உண்டு, உலக்கையும் உண்டு.

வீட்டுச் சிக்கனம் எல்லாவற்றையும் சமாளித்துவிடும் என்றும் நினைக்கக்கூடாது. ஒட்டுப்போட்ட தொம்பையும் நீர்த்த கூழும் ஓர் எல்லை வரைதான் தாங்கும். கோடையில் வேலையில்லாத ஆண்கள் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். சிலர் செம்மரம் வெட்ட அழைத்துப் போகப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அது சித்திரை பிறக்க ஒரு வாரம் இருந்த நேரம்.

சாமை திரும்பியது

சிறுதானியத்துக்கென்று உமி நீக்கும் இயந்திரங்கள் வந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. ஜமுனாமரத்தூரில் பழங்குடிப் பெண்கள் பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் நிறுவனம் சாமையைப் பதப்படுத்தி விற்கிறது. தேன், புளி போன்றவற்றைப் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் வாங்கி விற்கிறது. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நகரத்தில் கிராக்கியைக் கூட்டியது.

கிராக்கியோடு மிகைப்பேச்சும் வந்துள்ளது. 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு என்று பல இணையப் பக்கங்களில் காணலாம். அது பழைய அட்டவணையின் எண். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் அது 1.26 மில்லிகிராம் மட்டுமே. நார்ச்சத்தில் சாமை உண்மையாகவே மேலானது: 100 கிராமில் 7.7 கிராம், தீட்டிய பச்சரிசியில் 2.8 கிராம். பெருமை பேச இதுவே போதும், பழைய எண்ணைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது மலையில் காணும் காட்சி விநோதமானது. சாமையை மூட்டையாக விற்றுவிட்டு, வீட்டில் ரேஷன் அரிசி சமைக்கும் குடும்பங்கள் பல. விற்ற பணத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவு நடக்கிறது. நகரத்தில் அதே சாமை அரிசியைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. கோடை வந்தால் மட்டும் கொஞ்சம் நொய்யை ஒதுக்கிக் கூழ் காய்ச்சுகிறார்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் எல்லா வீட்டிலிருந்தும் பானை வருகிறது.

இயந்திரத்தில் அரைத்து வந்த சாமையிலும் உமி போகாத மணிகள் சில இருக்கும். சென்ற கோடையில் ஒரு வீட்டுத் திண்ணையில், பாக்கெட்டைப் பிரித்து முறத்தில் கொட்டி ஒரு பெண் நாவிக்கொண்டிருந்தார். முறத்தின் விளிம்பு நீல நிறப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அடிப்பக்கம் புதிதாகச் சாணம் மெழுகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, சுழற்றும்போது உமி மணிகள் மட்டும் எப்படி ஓரத்துக்கு வருகின்றன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பதில் சொல்லாமல் முறத்தை அவள் கையில் கொடுத்தார்.